பங்குனியில் வந்த விதை பாக்கெட்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். காரணம் நான்தான். போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "ஆராய்ச்சி வேறு, திட்ட மதிப்பீடு வேறு, இரண்டையும் குழப்பிக்கொண்டு நானே ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அது என்ன கதை, என்ன வித்தியாசம் என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த முறை சமையல், சர்க்கரை வியாதி கேள்விகளை எல்லாம் ஓரம் வைத்துவிட்டு இதையே பார்த்துவிடலாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: நான் புள்ளியியல் படித்தவள். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்து, 26 வருடம் ஊர் ஊராகக் கணக்கெடுக்கப் போனவள். நிறைய ஊர்களில் என் பெயர் தெரியாது. "சர்வேக்காரம்மா" என்றால் தெரியும்.

*

ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுப்பது பற்றி புராஜெக்ட் எடுத்திருக்கிறேன். "இது ஆராய்ச்சியா, மதிப்பீடா? முதலில் முடிவு செய்துகொண்டு வா" என்று கைடு திருப்பி அனுப்பிவிட்டார். எப்படியும் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கப் போகிறேன், டேபிள் போடப் போகிறேன். எதுவாக இருந்தால் என்ன அம்மா?
— எம்.எஸ்.டபிள்யூ. மாணவி, தருமபுரி

உங்கள் கைடு நல்லவர் கண்ணு. அவரைத் திட்டாதீர்கள்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம், நம்மிடம் இந்தச் சொற்கள் படும் பாடு. கலெக்டர் கால்வாயைப் பார்க்கப் போனால் பேப்பரில் "ஆட்சியர் ஆய்வு". போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவர் ஆய்வாளர், பிஎச்.டி. செய்பவரும் ஆய்வாளர். மதிப்பீடு என்றால் காண்ட்ராக்டருக்கு எஸ்டிமேட், வாத்தியாருக்கு மார்க். இதில் "திட்ட மதிப்பீடு" என்றால் என்ன என்று ஒரு பெண் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

நீங்கள் எடுத்த கேழ்வரகையே வைத்துப் பார்ப்போம். காவேரிப்பட்டணம் பக்கம் பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பையூர் 1, பையூர் 2 என்ற கேழ்வரகு ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். ஒரு புது ரகத்தை வெளியிடுவதற்கு முன் என்ன செய்வார்கள்? நிலத்தைச் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரித்து, புது ரகத்தையும் பழைய ரகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போடுவார்கள். ஒரு பாத்தியில் மண் கொஞ்சம் கொழுப்பாக இருந்து அந்த ரகத்துக்குச் சாதகமாகிவிடக் கூடாது என்பதற்காக, எது எங்கே என்று சீட்டுப் போட்ட மாதிரி மாற்றி மாற்றிப் பல பாத்திகளில் போடுவார்கள். பல பருவம் பார்ப்பார்கள். ஏன் இவ்வளவு பாடு? அங்கே கிடைக்கும் பதில் பையூருக்கு மட்டும் போதாது. மழையை நம்பி விதைக்கும் ஏதோ ஒரு ஊர்க்காரர், பையூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர், அவர் நிலத்திலும் அந்தப் பதில் செல்லுபடியாக வேண்டும். இது ஆராய்ச்சி.

இப்போது உங்கள் ரேஷன் கடைக்கு வாருங்கள். 2023இல் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் முன்னோட்டமாக ஆரம்பித்தார்கள்: 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு. இந்தத் திட்டத்தை மதிப்பிடப் போகிறவர் கேழ்வரகு உடம்புக்கு நல்லதா என்று கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர் கேட்க வேண்டியது இப்படி இருக்கும்: கேழ்வரகு கடைக்கு மாதத்தில் எந்த வாரம் வருகிறது? கல் எவ்வளவு? வாங்கிப் போனவர்கள் அரைத்தார்களா? மாவு மில் எவ்வளவு தூரம், கூலி என்ன? களி கிண்டினால் தாத்தா பாட்டி மட்டும் சாப்பிடுகிறார்களா, பிள்ளைகள் தட்டிலும் விழுகிறதா? முன்பு சந்தையில் காசு கொடுத்து வாங்கிய கேழ்வரகை நிறுத்திவிட்டு இதை வாங்குகிறார்களா? அப்படியானால் வீட்டில் கேழ்வரகு கூடவில்லை, காசுதான் மிச்சமாகியிருக்கிறது. அதுவும் ஒரு பலன்தான், ஆனால் வேறு பலன்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டி ஒருவர் காத்திருக்கிறார். திட்டத்தை இப்படியே தொடர்வதா, மாற்றுவதா, அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டுபோவதா என்று கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி அவர். அவருக்கு ஒரு தேதி உண்டு. அந்தத் தேதி தாண்டி வரும் பதில் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அவருக்கு அது பழைய பேப்பர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் கணக்கில் நூற்றுக்கு 40 கார்டுக்காரர்கள் கேழ்வரகு வாங்குகிறார்கள் என்று வந்தது என்று வையுங்கள், சும்மா உதாரணத்துக்கு. ஆராய்ச்சி செய்பவர் "ஏன் 40?" என்று உள்ளே போவார். மதிப்பீடு செய்பவர் அதோடு விட முடியாது. 40 என்பது தேவலையா, மோசமா என்று வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல ஒரு படி வேண்டும், அளக்கிற படி. எவ்வளவு வந்தால் போதும் என்று முதலிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். எண் வந்த பிறகு அதற்குத் தோதாகப் படியைச் செய்யக் கூடாது. "மதிப்பு" என்ற சொல் மதிப்பீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கேள்வித் தாள், சாம்பிள், டேபிள் எல்லாம் இரண்டுக்கும் பொது. ஒரே அரிவாள்மணையில் கீரையும் நறுக்கலாம், கோழியும் நறுக்கலாம். அதனால் கருவியைப் பார்த்து இனம் கண்டுபிடிக்க முடியாது.

உங்களுக்கு என் யோசனை: மூன்று மாதம்தான் கையில் இருக்கிறது. ஒரு ஒன்றியத்தில் ஆறு கடை எடுத்துக்கொண்டு மதிப்பீடாகச் செய்யுங்கள். "ரேஷனில் தானியம் மாறினால் குடும்பத்தின் சாப்பாட்டுப் பழக்கம் மாறுமா" என்ற ஆராய்ச்சிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அதே வீடுகளுக்கு வருடத்தில் நாலைந்து முறை போக வேண்டி வரும். கல்யாணத்துக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

*

கண்காணிப்பு, மதிப்பீடு என்று சேர்த்தே சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானே?
— ஒரு வாசகர், ஓசூர்

மலைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் எழுதுகிறாரே, அது கண்காணிப்பு. தினமும் நடக்கும், கேள்வி மாறாது: எத்தனை டிக்கெட், எவ்வளவு காசு. வருடக் கடைசியில் டிப்போவில் உட்கார்ந்து "இந்த ரூட் யாருக்கு உதவுகிறது, காலை ஏழரை வண்டியை எட்டுக்கு மாற்றலாமா, ஸ்கூல் பிள்ளைகள் ஏறுகிறார்களா" என்று கேட்டால் அது மதிப்பீடு. இன்வாய்ஸ் ஒழுங்காக எழுதாமல் மதிப்பீட்டுக்கு உட்கார்ந்தால் ஊகம்தான் மிஞ்சும். இன்வாய்ஸை மட்டும் பார்த்தாலோ, ஏறாதவன் ஏன் ஏறவில்லை என்பது கடைசி வரை தெரியாது.

*

அந்த "வாங்கிக் கட்டிக்கொண்ட" கதையைச் சொல்லாமல் நழுவக் கூடாது.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், அரூர்

சொல்கிறேன் சார். உங்கள் பக்கத்தில் நடந்ததுதான்.

1990களின் நடுவில். சித்தேரி மலைப்பக்கம் சில ஊர்களில், பெண்களின் ரத்தசோகையைக் குறைப்பதற்காக வீட்டுத் தோட்ட விதை பாக்கெட் கொடுக்கும் ஒரு திட்டம். கொடுத்த அமைப்பின் பெயர் வேண்டாம். பாக்கெட்டில் கீரை, கத்தரி, வெண்டை, புடலை, அவரை. "திட்டம் எப்படிப் போகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று அவர்கள் கேட்டார்கள். மதிப்பீடு கேட்டார்கள். நாங்கள் கொடுத்தது ஆராய்ச்சி.

எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. 14 பக்கம் ஷெட்யூல், அதாவது கேள்வித் தாள், போட்டேன். விதை கொடுத்த ஊர் நாலு, கொடுக்காத ஊர் நாலு, ஒப்பிட்டுப் பார்க்க. விரலில் குத்தி ஹீமோகுளோபின் எடுத்தோம். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்று கணக்கு. கையில் கோடு போட்ட நோட்டு, பையில் பஞ்சும் ஸ்பிரிட்டும். ரொம்பப் பெருமையாகத்தான் மலை ஏறினேன்.

ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருத்தி. எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், முந்தாநாள் என்ன, கீரை வாரத்துக்கு எத்தனை தடவை. முடித்து நான் எழுந்தபோது, "விதையப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே" என்றாள். கேட்டிருந்தேனே, "விதை பாக்கெட் கிடைத்ததா: ஆம் / இல்லை" என்று. ஆம் போட்டிருந்தேன். அவள் உள்ளே போய், பரண் மேலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்து மூடியைத் திருகினாள். உள்ளே ஐந்து பாக்கெட்டும், ஓரம்கூடக் கிழிக்காமல். எறும்பு வரக் கூடாது என்று மேலே கொஞ்சம் சாம்பல் தூவியிருந்தாள்.

"பங்குனியில குடுத்தாங்க கண்ணு. குடிக்கத் தண்ணி எடுக்கவே எறங்கி ஏறணும். இதுக்கு எங்க ஊத்தறது? ஆடி வரட்டும்னு வெச்சேன். ஆடியில பாத்தா பாதி சொத்தை."

பக்கத்து வீட்டிலும் அதே பாட்டில் கதை. ஆடிப்பட்டம் தேடி விதை என்று தெரியாதவர்களா அந்த ஊர்க்காரர்கள்? பிறகு விசாரித்ததில் புரிந்தது: பணம் கொடுத்தவர்களின் கணக்கு வருடம் மார்ச் 31இல் முடிகிறது. அதற்குள் செலவு காட்ட வேண்டும். அதனால் விதை பங்குனியில் மலை ஏறியது.

இதை நான் ஷெட்யூலின் கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். ஆபீசில் கொடுத்தபோது, "கேள்வியில் இல்லாததை எல்லாம் சேர்த்தால் டேபிள் போட முடியாது" என்றார்கள். நானும் அழித்துவிட்டேன். பதினோரு மாதம் கழித்து 90 பக்கத்தில், இங்கிலீஷில், பைண்டு பண்ணி அறிக்கை வந்தது. இரண்டு வகை ஊருக்கும் ஹீமோகுளோபினில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று முடிவு. கணக்கில் ஒரு பிழை கிடையாது. அதைப் படித்த யாருக்கும் என்ன தோன்றும்? கீரையால் ரத்தம் ஊறாது என்றுதானே! கீரை மண்ணிலேயே விழவில்லை என்ற விஷயம் எங்கும் இல்லை.

திட்டம் தேறவில்லை என்றால் இரண்டில் ஒன்று. அதன் அடிப்படை யோசனையே தப்பாக இருக்கலாம். அல்லது யோசனை சரி, நடத்திய விதம் தப்பாக இருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்லாத மதிப்பீட்டால் ஒரு உபயோகமும் இல்லை. நடந்துகொண்டிருக்கும்போதே திருத்துவதற்காகச் செய்யும் மதிப்பீடு, முடிந்தபின் தேறியதா என்று தீர்ப்புச் சொல்லும் மதிப்பீடு என்று இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தவர் மைக்கேல் ஸ்க்ரிவன் என்ற மதிப்பீட்டுத் துறை அறிஞர். அது 1967இல். முப்பது வருடம் கழித்தும் எங்கள் ஆபீசுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. எனக்கு ஸ்க்ரிவன் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை சார். அந்த அமைப்புக்கு ஒரு இன்லேண்டு லெட்டர் போட்டிருந்தால் போதும். "விதையை ஆனியில் கொடுங்கள்" என்று ஒரே வரி.

அறிக்கை வந்து சேர்ந்த மாதம் அடுத்த செட் விதை போய்க்கொண்டிருந்தது. பங்குனிதான். அந்த வருடம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அதே அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். "எழுதிக்கிட்டுப் போனியே, மேல சொல்லலியா?" என்றாள். எனக்கு அதைவிடப் பெரிய அடி எந்த ஆபீசிலும் விழுந்ததில்லை.

*

ஒகேனக்கல் குடிநீர் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கும் என் அண்ணனுக்கும் பல்லில் காவி அப்படியே இருக்கிறது. திட்டம் தோல்வி என்றுதானே மதிப்பிட வேண்டும்?
— ஒரு வாசகர், பென்னாகரம்

உங்களுக்கு என்ன வயது என்று எழுதியிருந்தால் இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருப்பேன். அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இருக்கிறது என்கிறீர்கள், அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

அந்தக் காவிக்குக் காரணம் நம் பக்கத்து நிலத்தடி நீரில் அதிகமாக இருக்கும் புளோரைடு; அதற்கு மாற்றாகத்தான் இந்தக் காவிரித் தண்ணீர். புளோரைடு பல்லில் வேலையைக் காட்டுவது பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போது. நிலையான முன்பற்களின் எனாமல் நாலைந்து வயதுக்குள் உருவாகிவிடும். மற்ற பற்களுக்கு எட்டு வயதுவரை ஆகலாம். அந்தச் சமயத்தில் குடித்த தண்ணீர் எழுதிய எழுத்துதான் அந்தக் காவி. பிறகு கங்கைத் தண்ணீரே குடித்தாலும் அழியாது. ஆகவே உங்கள் பல்லையும் அண்ணன் பல்லையும் பார்த்து இந்தத் திட்டத்துக்கு மார்க் போட்டால் அது தப்பான படியால் அளப்பது.

யார் பல்லைப் பார்க்க வேண்டும்? இந்தத் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல், ஜப்பான் கடனுதவி, ரூ. 1,928.80 கோடி, 2013 மே மாதம் தொடக்கம். தண்ணீர் வீட்டுக்கு வந்த பிறகு பிறந்த பிள்ளையின் நிலையான முன்பல் ஆறு, ஏழு வயதில்தான் முளைக்கும். ஆக 2020க்கு முன் யாராவது வந்து பல்லைப் பார்த்து "பலன் இல்லை" என்று எழுதியிருந்தால், காய்க்க வயசாகாத தென்னையைப் பார்த்து மலட்டு மரம் என்று சொன்ன மாதிரி. உங்கள் அண்ணன் பிள்ளையைச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள்.

இதில் ஆராய்ச்சி எங்கே வருகிறது? அது எப்போதோ நடந்து முடிந்தது. 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்ப் பக்கம், முதுகு வளைந்து விறைத்துப்போனவர்களைப் பரிசோதித்து, காரணம் கிணற்றுத் தண்ணீரில் உள்ள புளோரைடு என்று மருத்துவர்கள் எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் பெரிய ஆய்வு அதுதான். பிறகு உலகம் முழுக்கப் பார்த்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. நம் நாட்டுத் தரக் கணக்கில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5. இதை நெல்லூரில் கண்டுபிடித்தாலும் பென்னாகரத்துக்குச் செல்லும். பாறையில் ஊறிய தண்ணீரும் எலும்பும் எங்கும் ஒன்றுதான். இன்னொரு முறை இங்கே வந்து "புளோரைடு கெடுதலா?" என்று யாரும் ஆராய வேண்டியதில்லை.

மதிப்பீட்டுக்கு இருக்கும் வேலை வேறு. காவிரித் தண்ணீர் உங்கள் தெருக் குழாயில் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது? மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரும் சேர்கிறதா? குடிக்க ஒரு குடம், சோறு வடிக்க வேறு குடமா? இந்தக் கடைசிக் கேள்வியை நான் எந்த வீட்டிலும் வாயால் கேட்க மாட்டேன். நேராக அடுப்படிக்குப் போய் "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பேன். எந்தக் குடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள், உலையில் எது கொதிக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். சோறு, குழம்பு, காபி என்று அடுப்பு வழியாக வயிற்றுக்குப் போகும் தண்ணீர் கொஞ்ச நஞ்சமில்லை. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கொதித்தால் தண்ணீர்தான் சுண்டும், புளோரைடு அங்கேயே இருக்கும், இன்னும் கெட்டியாக.

ஜப்பான் உதவிப் பணத்தில் நடக்கும் திட்டங்களை முடிந்தபின் மதிப்பிடும் வழக்கம் உண்டு. உலக அளவில் இதற்கென்று வகுத்த தலைப்புகள் இருக்கின்றன: தேவைக்குப் பொருந்தியதா, நினைத்தது நடந்ததா, செலவுக்குத் தகுந்ததா, விளைவு என்ன, நிலைத்து நிற்குமா. 2019இல் ஆறாவதாக ஒன்று சேர்ந்தது, மற்ற திட்டங்களோடு ஒத்துப்போகிறதா என்று. எனக்கு எப்போதும் ஐந்தாவதுதான் கண்ணில் படும். மோட்டார் ரிப்பேரானால் யார் பணம் கட்டுவார்கள் என்று ஊராட்சியில் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லும் விதத்திலேயே பாதி அறிக்கை எழுதிவிடலாம்.

*

எங்கள் ஊரில் ஒரு குழு வந்து பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்துப்போனது. "இது ஆராய்ச்சி இல்லைங்க, திட்டத்தோட மதிப்பீடுதான்" என்றார்கள். ரிசல்ட் கடைசிவரை வரவில்லை. கேட்கலாமா?
— ஒரு தாய், தேன்கனிக்கோட்டை

கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள்.

"ஆராய்ச்சி இல்லை" என்று அவர்கள் சொன்னதற்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன: உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி, சம்மதம் வாங்க வேண்டும்; நடுவில் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு; பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதம். அமெரிக்க அரசு விதியில், பிற இடங்களுக்கும் பொருந்தும் அறிவைத் தேடுவதுதான் ஆராய்ச்சி என்று ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். ஒரு திட்டத்தை மட்டும் சீர்செய்வதற்காகப் பார்ப்பது அந்தக் கோட்டுக்கு வெளியே போய்விடும். இந்தக் கோடு ஒரு நியாயத்துக்காகப் போட்டது. சத்துணவு ருசியாக இருந்ததா என்று கேட்பதற்கெல்லாம் குழு கூட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் சிலர் அந்தக் கோட்டையே சந்தாக ஆக்கிக்கொண்டு அதன் வழியே புகுந்து போய்விடுகிறார்கள்.

என் கணக்கு எளிது. ஊசி குத்தினால், மேலே என்ன பெயர் எழுதியிருந்தாலும், சம்மதம் கேள், ரிசல்டைக் கொடு. ரத்தம் குறைவாக இருக்கிற பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டு அதன் அம்மாவிடம் சொல்லாமல் பஸ் ஏறுவதை என்னவென்று சொல்ல? வந்தவர்கள் ஊருக்குள் யாரைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்று விசாரியுங்கள்: அங்கன்வாடி டீச்சர், கிராம செவிலியர் யாராவது கூட்டி வந்திருப்பார்கள். அவர்கள் வழியாக எழுதிக் கேளுங்கள். அதற்காகக் காத்திருக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

*

கொரோனாவுக்குப் பின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நான் தன்னார்வலராக இருந்தேன். பள்ளி திறந்தபின் பிள்ளைகள் தாமாகவே தேறியிருப்பார்கள், உங்களால் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். எப்படி நிரூபிப்பது, அக்கா?
— காரிமங்கலம் வாசகி

வீட்டுக்காரர் சும்மா கிண்டல் செய்யவில்லை தங்கச்சி, மதிப்பீட்டிலேயே ரொம்பக் கஷ்டமான கேள்வியைக் கேட்டிருக்கிறார். திட்டம் இல்லாமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைக் கண்ணால் பார்க்க முடியாது. அந்த இடத்தில்தான் மதிப்பீடு ஆராய்ச்சியின் வீட்டுக் கதவைத் தட்டிக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

உங்கள் நல்ல காலம், உங்கள் திட்டத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகள். கொரோனாவுக்கு முன், 2019இலேயே அவர்களுக்குக் கணக்கும் தமிழும் எவ்வளவு தெரியும் என்று சோதித்து வைத்திருந்தார்கள். பள்ளிகள் திறந்த பிறகு 2021 டிசம்பரில் பார்த்தால் பெரிய சறுக்கல். 2022 மே வாக்கில், ஆறு மாதத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, 24 சதவீதம், இல்லம் தேடிக் கல்வியால் என்று கணக்கிட்டார்கள்.

இப்போது கைடு மாதிரி நான் உங்களைக் கேட்கிறேன்: இது ஆராய்ச்சியா, மதிப்பீடா? "இந்தத் திட்டம் உதவியதா" என்ற பாதி மதிப்பீடு. "பள்ளி மூடினால் பிள்ளைகள் எவ்வளவு இழக்கிறார்கள், எவ்வளவு வேகமாக மீள்கிறார்கள்" என்ற பாதி ஆராய்ச்சி, அது எந்த நாட்டுக்காரனுக்கும் தேவைப்படும். இரண்டும் ஒரே கூரையில். இப்படி அமைவது அபூர்வம். முன்கூட்டியே 2019இல் எடுத்து வைத்த கணக்கு இருந்ததால் நடந்தது. திட்டம் முடிந்த பிறகு வந்து "முன்பு எப்படி இருந்தது?" என்று கேட்டு எழுதினால் இந்தக் கணக்கு வராது. எங்களைப் போன்றவர்களை முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கூப்பிடுவார்கள், இலை எடுத்தபின் பந்திக்குக் கூப்பிடுவது போல.

வீட்டுக்காரரிடம் 24 என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சம் 76ஐப் பற்றி அவராகக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

*

அரசாங்கமே தன் திட்டத்தை மதிப்பிட்டால் உண்மை வருமா? வந்தாலும் யார் படிக்கிறார்கள்?
— ஊத்தங்கரை வாசகர்

1952 அக்டோபரில் சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பித்தபோதே, அதை மதிப்பிட என்று தனியாகத் திட்ட மதிப்பீட்டு அமைப்பு ஒன்றையும் மத்திய அரசு ஆரம்பித்தது. உலகத்திலேயே அவ்வளவு சீக்கிரம் அப்படி யோசித்தவர்கள் கொஞ்சம் பேர். 2015இல் அது நிதி ஆயோக்கின் கீழ் வேறு பெயரில் வந்தது. தமிழக அரசிலும் ஒரு துறை இருக்கிறது, அதன் பெயரில் மதிப்பீடும் ஆராய்ச்சியும் இரண்டுமே உண்டு. ஆக இடமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. உண்மை வருமா என்றால், கேள்வியை எழுதுபவரும் திட்டத்தை நடத்துபவரும் ஒரே டேபிளில் டீ குடிப்பவர்களா என்பதைப் பொறுத்தது. வெளி ஆள் வந்தால் மட்டும் ஒழுங்காக இருக்கும் என்றும் இல்லை. வெளி ஆளுக்கும் அடுத்த காண்ட்ராக்ட் வேண்டும்.

யார் படிக்கிறார்கள் என்பது நியாயமான கேள்வி. எங்கள் 90 பக்க அறிக்கையின் ஒரு பிரதியை, ஒரு ஆபீசில் ஆடும் பீரோவின் காலுக்கு அடியில் பார்த்தேன். பீரோ ஆடவில்லை.

கடைசியாக நான் செய்த மதிப்பீட்டை நாலே பக்கத்தில், தமிழில் எழுதினேன். மே 1 கிராம சபையில் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டு, நானும் போய் உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "எங்க தெருவுல நீங்க வந்து கேக்கவே இல்லியே?" என்றாள். சாம்பிளில் அந்தத் தெரு விழவில்லை என்று விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் ஊராட்சி கிளார்க் இடத்தைக் காலி பண்ணி ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டார். அவள் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அறிக்கை ஐந்து பக்கம் ஆனது.